தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

1

ஸ்டெல்லா அக்காவின் மகளுக்குப் போன வாரம் பதினெட்டு வயது முடிந்தது. பிறந்ததிலிருந்து அவள் எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள். அவளைப் பெற்றதும் நான்தான். குழப்பமாக இருந்தால் மன்னியுங்கள், இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவளும் நான்தான். இத்தனை வருடம் யாருக்கும் விளக்காமல் ஓட்டிவிட்டேன். இப்போது விளக்காமல் முடியாது என்றாகிவிட்டது.

அவள் பெயர் கயல்விழி. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேரப் போகிறாள். நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் எல்லாமே தலைகீழ். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்த பெண், வெளிநாட்டில் படிக்கிறேன் என்று இந்தியாவுக்கு வருகிறாள். அங்கே உங்கள் தெருவில் ஒரு பெண் பேச்சுக்குப் பேச்சு 'லா' போட்டுக்கொண்டு, பேருந்து நடத்துநரை 'அங்கிள்' என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தால் சிரித்துவிடாதீர்கள். கொஞ்சம் வழி சொல்லி அனுப்புங்கள்.

நாங்கள் இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு அடுக்குமாடியின் எட்டாவது மாடியில். கீழே இறங்கினால் மல்லிகைப்பூ, வாழையிலை, வெற்றிலை எல்லாம் கிடைக்கும். 'அப்புறம் உங்களுக்கு என்ன குறை?' என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆள்தான் இல்லை. என் வீட்டுக்காரர் கதிரேசன் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைப் பழுது பார்க்கிறார். முறை மாற்றி மாற்றி வரும் வேலை. அவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வந்துபோனார் என்று பல நாள் தெரிந்துகொள்வேன்.

வருடா வருடம் கயலின் பிறந்தநாளுக்கு சுங்கை வேயில் இருக்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போவோம். அவர் மகன் ஜோவும் கயலும் ஒரே வாரத்தில் பிறந்தவர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கேக், கோழிப் பிரட்டல், மீன் சம்பல். இந்த வருடம் மகன்கள், மருமகள்கள் எல்லாரும் கூடியிருந்த சமயத்தில், இவள் ஊருக்குப் போகிறாளே என்ற பிரியத்தில், அக்கா அந்தப் பழைய கதையை எடுத்துவிட்டார். "இவள நான் என்ன விலைக்கு வாங்கினேன் தெரியுமா?" என்று ஆரம்பித்ததுமே நான் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டேன். கதை முடிந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். பிறகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயிலில் திரும்பும்போது காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை, எனக்குத் தெரியும்.

2

என் பெயர் பிச்சையம்மாள். கல்லூரியில் இந்தப் பெயரால் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இங்கே வந்த பிறகு குடிநுழைவு அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் அதிகாரி என் கடவுச்சீட்டைப் பார்த்து, மூச்சை இழுத்துக்கொண்டு, மூன்று தவணையில் என் பெயரைப் படிப்பார். தவறாகத்தான் படிப்பார். ஆனால் அதன் அர்த்தம் அவருக்குத் தெரியாது என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு.

முசிறிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு முன்னால் அம்மாவுக்குப் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அழகான பெயர் வைக்க மாட்டார்கள். குப்பை, பிச்சை என்று எதையாவது வைத்தால், இது கழித்துப்போட்டது என்று எண்ணி எமன் விட்டுவிடுவானாம். எங்கள் வீட்டில் எதற்கும் இரட்டைத் தாழ்ப்பாள் போடுவார்கள். பெயர் மட்டும் போதாது என்று என்னைத் தவிட்டுக்கும் விற்றார்கள். பிள்ளைகள் செழித்து வாழும் வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம், அடிக்கலாம்கூட. 'என் பிள்ளை' என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால், தேடிக்கொண்டிருக்கிறவனுக்கு விலாசம் கொடுத்த மாதிரி.

என்னை வாங்கியவர் ரைஸ்மில் வீட்டு சரசு அத்தை. கல்யாணத்தில் அவருக்குப் புடவை எடுத்துக் கொடுத்து, அவரிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் எனக்குத் தாலி ஏறியது. அம்மா சாகும்வரை என்னைச் 'சரசு வீட்டுப் பிள்ளை' என்றுதான் சொன்னார். நான் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை ஒவ்வொரு முறையும் எத்தனை கஷ்டப்பட்டு விழுங்கியிருப்பார் என்று அப்போது தோன்றியதே இல்லை.

3

எனக்கும் முதல் இரண்டு தங்கவில்லை. ஒன்று ஊரில் இருந்தபோது, இன்னொன்று இங்கே வந்த பிறகு. மூன்றாவது தங்கியது. ஆனால் ஏழு மாதம் முடிவதற்குள் அவசரப்பட்டு வெளியே வந்துவிட்டது. வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கணுக்காலில் 'பிச்சையம்மாளின் குழந்தை' என்று எழுதிய பட்டை. அந்தப் பட்டை என் விரலுக்கு மோதிரமாகச் சரியாக இருந்திருக்கும்.

எடை ஏறிக்கொண்டுதான் இருந்தது. பாலும் குழாய் வழியாக இறங்கியது. பிரச்சினை வேறு. கயலுக்கு மூச்சு விடுவது மறந்துபோகும். நான் சும்மா சொல்லவில்லை, டாக்டரே அப்படித்தான் சொன்னார். அவர் மலாய்க்காரப் பெண், என்னைவிடச் சின்னவர், பொறுமையாக ஆங்கிலத்தில் விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மூச்சு விடும் வேலை கிடையாது. அந்த வேலையைக் கவனிக்கிற மூளையின் பகுதி இன்னும் முதிரவில்லை. அதனால் நன்றாக விட்டுக்கொண்டே இருக்கும், திடீரென்று நிறுத்திவிடும். மூச்சு நின்றதும் இதயம் மெதுவாகும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு இது உண்டு, நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்றார். மருந்தாகக் காப்பியில் இருக்கும் சத்தையே கொடுத்தார்கள். காப்பி குடிக்காமல் கண் திறக்காத வம்சம் எங்களுடையது. இவள் அதைப் பிறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதில் பச்சையாக ஓடுவது இதயத் துடிப்பு. நூற்றைம்பதில் துள்ளிக்கொண்டிருக்கும் எண் சட்டென்று இறங்கும். நூறு, தொண்ணூறு, எழுபது. மணி அடிக்கும். உதட்டைச் சுற்றி நீலம் பாயும். மிஸ்ஸி ஓடி வருவார். இங்கே தாதிமார்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு முதுகைத் தேய்ப்பார், உள்ளங்காலை விரலால் சுண்டுவார். அதோ, எங்கிருந்தோ திரும்பி வந்தவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு மூச்சை இழுப்பாள். எண் ஏறும். தூங்குகிற பிள்ளையை எழுப்பாதே என்பது எங்கள் ஊரில் சட்டம். இங்கே எழுப்புவதுதான் வைத்தியம்.

இப்படி ஒரு தடவைகூட மறக்காமல், யாரும் எழுப்பாமல், தொடர்ந்து ஒரு வாரம் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். நடுவில் ஒருமுறை மறந்தாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து. பரமபதத்தில் பாம்பு கொத்துகிற மாதிரிதான். மூன்று முறை வாரக் கடைசி வரை வந்து, மூன்று முறையும் கீழே இறங்கினோம்.

என்னை முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிளம்பி வார்டுக்குப் போவேன், சாயங்காலம் வெறுங்கையோடு திரும்புவேன். கதிரேசன் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம் நிற்பார், நின்றபடியே தூங்குவார். அம்மா அதற்கு முந்தின வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் தொலைபேசியில், 'பிள்ளை நல்லா இருக்கா?' என்று கேட்டால், 'நல்லா இருக்கு அத்தை' என்பேன். எங்கள் ஊரில் இருந்திருந்தால் அந்த வார்டு வாசலில் இருபது பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு யோசனை சொல்லி என் உயிரை வாங்கியிருப்பார்கள். இங்கே என் உயிரை வாங்க ஒரு ஆள் இல்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்களில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. எனக்கு முதலில் வந்த இரண்டும் போனதற்கும், இது மறப்பதற்கும் ஒரே காரணம்தான். இவை என் பிள்ளைகள் என்பதுதான் அது.

4

பக்கத்துப் பெட்டியில் இருந்தவன் ஜோ. அவனும் சீக்கிரம் பிறந்தவன்தான், ஆனால் கயலைவிட இரண்டு மடங்கு இருப்பான். பால் குடிக்கத் தெரியவில்லை என்று வைத்திருந்தார்கள். அவன் அம்மா ஸ்டெல்லா அக்காவுக்கு வீட்டில் ஏற்கெனவே நாலு பிள்ளைகள். இது நாற்பதுக்கு மேல் வந்த ஐந்தாவது. பூப்போட்ட பாத்தேக் துணிக் கவுனை மாட்டிக்கொண்டு வார்டு முழுக்க நலம் விசாரிப்பார். முதல் நாளே என்னிடம், "ஏன் லா இப்படி உக்காந்திருக்க? பிள்ளைகிட்ட பேசு. அதுக்குக் காது கேக்கும்" என்றார். நான் பேசவில்லை. அவரே ஜோவோடு பேசும்போது, நடுநடுவே எங்கள் பெட்டியைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவார்.

வார்டை ஒட்டி, தாய்மார்கள் பால் எடுக்க ஒரு சின்ன அறை இருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நாலு நாற்காலிகள், கறக் கறக்கென்று இயந்திரம். மூன்றாவது முறை பாம்பு கொத்திய அன்று அங்கே நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். என் பிள்ளையை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். தத்துக் கொடுக்கப் பார்க்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சரசு அத்தை கதையைச் சொன்னேன். என் பெயருக்கு அர்த்தம் சொன்னேன். கேட்டுவிட்டு, தான் வளர்ந்த ரப்பர் எஸ்டேட்டிலும் இந்தப் பழக்கம் இருந்தது, அப்படி விற்கப்பட்ட தன் சின்ன அத்தை ஒருவர் பல்லெல்லாம் விழும்வரை வாழ்ந்து எல்லாரையும் திட்டித் தீர்த்தார் என்றார். பிறகு அவர் யோசித்தது வேறு ஒன்றைத்தான்.

"தவிடு வேணுமே?"

தவிட்டுக்கு இங்கே டெடாக் என்று பெயர். அக்காவின் வீட்டுக்காரர் பின்கட்டில் கோழி வளர்த்தார். மறுநாள் குழந்தைத் துணிப் பையின் அடியில் ஒரு நெகிழிப் பையைச் சுருட்டி வைத்து, கள்ளச் சாராயம் கொண்டுவருகிறவர் மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே அந்த அறைக்குள் வந்தார். நான் துப்பட்டாவை ஏந்தினேன். முறம் இல்லை, வாசல் இல்லை, சாட்சி சொல்ல ஊர் இல்லை. அவர் தவிட்டைக் கொட்டிவிட்டு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இனிமே அது என் பிள்ளை. நீ பால் மட்டும் குடு. ஃபாதர்கிட்ட சொல்லல, மாதாகிட்ட சொல்லிட்டேன்" என்றார்.

தவிட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் மாடியில் தூவினேன், மைனாக்கள் தின்றன. ஒரு பெற்றவள் செய்யக் கூடாததைச் செய்துவிட்ட மாதிரியும், செய்ய வேண்டிய ஒன்றை முதல் முறையாகச் செய்த மாதிரியும் இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாளே மணி அடித்தது. ஸ்டெல்லா அக்கா அசரவில்லை. தன் பிள்ளைகள் எல்லாமே முதலில் கொஞ்சம் அடம் பிடித்துத்தான் அடங்கும் என்றார். அதற்குப் பிறகு ஒரு நாள் போனது. இரண்டு நாள் போனது. மணி அடிக்கவில்லை. மூளை முதிர்கிற பருவம் வந்துவிட்டது என்றார் டாக்டர். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் தவிடு கொடுத்த பிறகுதான் முதிர்ந்தது என்பதை அவராலும் மறுக்க முடியாது.

5

வாரம் முடியப் போகிற நேரத்தில்தான் வம்பு வந்தது.

வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு மிஸ்ஸி ஒரு பொம்மையை வைத்துப் பாடம் நடத்துவார். மூச்சு நின்றால் என்ன செய்ய வேண்டும், எப்படி எழுப்ப வேண்டும் என்று எல்லாம். நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பாடம் முடிந்து, 'உன் குழந்தை இன்று சமர்த்து' என்று மலாயில் சொன்னார். நான் பதறிப்போய், 'என் குழந்தை இல்லை, அவர் குழந்தை' என்று ஸ்டெல்லா அக்காவைக் காட்டினேன். மிஸ்ஸி சிரித்தார். மறுநாள் இன்னொரு மிஸ்ஸி கேட்டபோதும் அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதற்கு முன்பும் நான் குழந்தையோடு பேசுவதில்லை என்று கவனித்திருக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து டாக்டரின் காதுக்குப் போய்விட்டது.

அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்று தினமும் சொன்னால், யாராக இருந்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். கதிரேசனை வரச் சொன்னார்கள். துறைமுகத்துக் காலணியோடு ஓடி வந்தார். டாக்டர் எங்கள் இருவரையும் கயலின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே பேசினார். நீண்ட நாள் வார்டில் இருந்தால் சில தாய்மார்களுக்குப் பிள்ளை அந்நியமாகத் தோன்றும், அது குற்றமில்லை, அதற்கு உதவி செய்ய ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். நான் தேறும்வரை குழந்தை இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்கு அனுப்புவதைத் தள்ளிவைக்கலாம் என்றார்.

கதிரேசனுக்குத் தவிடு விவகாரம் எதுவும் தெரியாது. அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. இத்தனை நாள் குடும்பம் நடத்தியவளை யாரோ எதிரில் கொண்டுவந்து நிறுத்தி, இவளைத் தெரியுமா என்று கேட்டது போல் பார்த்தார். அந்த வார்டில் இத்தனை பேர் இருக்க, நான் அவ்வளவு தனியாக என்றுமே நின்றதில்லை. தவிடு என்பதை ஆங்கிலத்தில் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வேன்? எனக்கு முன் பிறந்த இரண்டிலிருந்தா, அல்லது என் இரண்டிலிருந்தா?

டாக்டர் குனிந்து, என் தோளைத் தொட்டு, ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். இது உன் குழந்தைதானே?

ஆமாம் என்றால் எமனுக்குக் கேட்கும். இல்லை என்றால் பிள்ளை வீட்டுக்கு வராது. திரையில் பச்சை எண் துள்ளிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்துப் பெட்டியில் ஜோவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த ஸ்டெல்லா அக்கா, எங்கள் பக்கம் திரும்பாமலே, அவனோடு பேசுகிற மாதிரி தமிழில் சொன்னார்.

"மலாய்ல சொல்லு லா. அவனுக்கு மலாய் தெரியாது."

சரிதானே என்று பட்டது. தமிழ் எமனுக்குத் தாய்மொழி. ஆங்கிலமும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அவனுக்குப் பழக்கமாகியிருக்கும். முசிறிப் பக்கத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவனுக்கு மலாய் எங்கே தெரியப் போகிறது?

"அனாக் சாயா" என்றேன். என் பிள்ளை என்று அர்த்தம்.

சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். எண் கொஞ்சம் இறங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம். அப்புறம் ஏறிவிட்டது. டாக்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அது சாதாரணம். இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னேன். மூன்றாவது முறை அவர் கேட்காமலே சொன்னேன். அப்போது அழுதிருக்கிறேன் போலிருக்கிறது, அதுதான் அவருக்கு நம்பிக்கை கொடுத்தது என்று கதிரேசன் பிறகு சொன்னார். வாரம் முடிந்ததும் கயல் வீட்டுக்கு வந்தாள்.

கதிரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், தானும் சொல்லக் கூடாதா என்று கேட்டார். அப்பாக்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை மனுஷன் ஒரு நாளைக்கு இருபது தடவை 'எம்பொண்ணு, எம்பொண்ணு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

6

அதற்கப்புறம் எனக்கு மலாய் நன்றாக வந்துவிட்டது. பிறப்புப் பதிவு அலுவலகம், தடுப்பூசி போடும் இடம், பள்ளிக்கூடம், வருடா வருடம் முத்திரை குத்தும் குடிநுழைவு அலுவலகம் என்று எந்த வரிசையில் நின்றாலும், 'அனாக் சாயா' என்று தைரியமாகச் சொல்வேன். ஊரில் எத்தனையோ பேர் அலுவலகம் என்றால் பயப்படுகிறார்கள். நான் அலுவலகத்துக்குப் போவதையே விரும்பினேன். அங்கேதான் அவள் என் பிள்ளை.

தமிழில் சொன்னதே இல்லை. கோயிலில் யாராவது, 'உங்க பொண்ணா?' என்று கேட்டால், "ஸ்டெல்லா அக்கா வீட்டுப் பொண்ணு" என்பேன். கேட்டவர்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவளுக்கு என் மூக்கு, என் நெற்றி. பயம் எப்போதோ போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவளுக்குச் சளி பிடித்தால்கூட, தூங்கும்போது முதுகில் கை வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் வளர்ந்ததும் அவள் அறைக்கதவைத் தாழ் போட ஆரம்பித்தாள். எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். பேச்சும் குறைந்தது. தோழிகளோடு ஆங்கிலம், கடையில் மலாய், என்னோடு 'ம்' என்று ஒரு எழுத்து. விடுமுறை என்றால் சுங்கை வேக்குப் போய்விடுவாள். ஸ்டெல்லா அக்காவை 'மம்மி' என்பாள். கேட்டுக்கொண்டு நிற்பேன். விற்றவள் நான், யாரிடம் போய் முறையிடுவது?

போன வாரம் அந்த விருந்து முடிந்து வீட்டுக்கு வந்தபோது பகல் மூன்று மணி இருக்கும். கதிரேசன் வேலைக்குப் போயிருந்தார். கயல் தன் அறைக்குப் போகாமல் கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகள் அங்கே பரப்பிக் கிடந்தன. நான் மடிக்க உட்கார்ந்தேன்.

"மா, மம்மி சொன்னது நெசமா? நீங்க இதுவரைக்கும் சொன்னதே இல்லையா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். திரையை, மணியை, அவளுடைய நீல உதட்டை. அவள் பிறந்ததைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே அதுதான் முதல் தடவை. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், மடித்து வைத்த ஒரு சட்டையைப் பிரித்துவிட்டு மறுபடி மடித்தாள்.

"என்னை எடுத்து வளக்கிறீங்கன்னு நெனச்சேன்" என்றாள். "ஸ்டாண்டர்ட் டூ படிக்கிறப்போலேருந்து. எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்வீங்க, ஸ்டெல்லா அக்கா வீட்டுப் பொண்ணுன்னு. மம்மிக்கு நெறைய பிள்ளைங்க, அதனால உங்களுக்குக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். பெர்த் சர்ட்டிபிகேட்ட பாத்தப்புறம்தான் இல்லன்னு தெரிஞ்சிச்சு. அப்போ ஃபார்ம் த்ரீ, பதினஞ்சு வயசு."

எத்தனை வருடம் என்று நான் கணக்குப் போடவில்லை. போடத் துணிச்சல் இல்லை. விடுமுறைக்கெல்லாம் அவள் சுங்கை வேக்கு ஓடியது எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெற்றவள் என்று நினைத்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல கண்ணு?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"

ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு வார்த்தையைக் கேட்கப் பயந்து என் எதிரிலேயே ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். நான் இந்த ஊரில் தனியாக இருக்கிறேன் என்று புலம்பியதற்கெல்லாம் வெட்கப்பட்டேன். என்னைவிடத் தனியாக இருந்தவள் பக்கத்து அறையில் இருந்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. கோயம்புத்தூருக்கு என் கை எட்டாது என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. பதினெட்டு வயதுப் பெண், நன்றாக ஓடுகிறாள், நீச்சல் தெரியும், பட்டப்பகல். அப்படியும் வரவில்லை. அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

"பாருங்க, நல்லா விடுறேன்ல? ஒன்னும் ஆவாது. சொல்லுங்க மா."

உள்ளங்கைக்குக் கீழே ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது.

"நீ எம்பொண்ணு" என்றேன்.

ஏறியது. இறங்கவில்லை. என் கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை. நான் யோசிக்கவே இல்லை. என் விரல்கள் அவள் முதுகை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்துவிட்டன, அந்த மிஸ்ஸி தேய்த்த அதே வேகத்தில். இன்னொரு கை அவள் உள்ளங்காலைத் தேடியது. அவள் விளையாட்டுக்கு மூச்சைப் பிடித்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சாரி மா. சும்மா லா. இதோ, விடுறேன். பாருங்க, விடுறேன்."

எனக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாக, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். மறுபடி விட்டாள். அழுதுகொண்டே விட்டாள். நான் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இந்த முறை மூச்சைப் பிடித்திருந்தது நான்தான்.